பணம் போய்விட்டது, ரசீது வரவில்லை: டைம்-அவுட் பற்றி ஒரு பாடம்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அம்மா தறியில் இருக்கிறார். மகள் கல்லூரி உதவித்தொகைக்காக வருமானச் சான்றிதழ் கேட்டு, கைபேசியிலேயே இ-சேவை இணையதளத்தில் விண்ணப்பிக்கிறாள். உதவித்தொகைக்குக் கடைசி நாள் நெருங்கிவிட்டது. கட்டணம் 60 ரூபாய். யு.பி.ஐ-யில் ரகசிய எண்ணைப் போட்டாயிற்று. திரையில் வட்டம் சுற்றுகிறது. சுற்றிக்கொண்டே இருக்கிறது. கடைசியில் ஆங்கிலத்தில் ஒரு வரி: நேரம் முடிந்தது, மீண்டும் முயலவும்.

"அம்மா, வங்கியிலேர்ந்து மெசேஜ் வந்துடுச்சு, பணம் போயிடுச்சு. ஆனா ரசீது வரல."

"திரும்ப ஒரு தடவை அழுத்திப் பாரு."

அழுத்துகிறாள். இன்னொரு 60 ரூபாய். இப்போது அந்த வீட்டுக்கு மூன்று சந்தேகங்கள்: விண்ணப்பம் ஒன்றா, இரண்டா, அல்லது ஒன்றுமே பதிவாகவில்லையா? விசாரிக்க ஒரு நாள் தறியை நிறுத்திவிட்டு அம்மா தாலுகா அலுவலகம் போக வேண்டியிருக்கும். 60 ரூபாயை விட அந்த ஒரு நாள் கூலிதான் பெரிய நஷ்டம். இதுவே வீட்டுவரியாக இருந்தால், இரண்டு முறை போன தொகையும் சின்னதாக இருக்காது.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் இணையத்தில் பணம் கட்டிய எவருக்கும் இது புதிதில்லை. நாம் வழக்கமாக "சர்வர் டவுன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். உண்மையில் இது போன்ற பெரும்பாலான நேரங்களில் எந்தச் சர்வரும் படுத்திருக்காது. ஒரு சர்வர் இன்னொன்றின் பதிலுக்குக் காத்திருந்து, பொறுமை இழந்து, தவறாக ஒரு முடிவு எடுத்திருக்கும். அந்த முடிவை எப்படி எடுக்க வேண்டும் என்பதுதான் இந்தப் பாடம். துறைகளுக்கு மென்பொருள் எழுதுபவர்கள், எழுதச் சொல்லி ஒப்பந்தம் போடும் அலுவலர்கள், இ-சேவை மையக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர்கள் ஆகிய மூவரும் படிக்கலாம். நிரல் ஒரு வரி கூடக் கிடையாது.

வலப்பக்கத்து ஆள்

கோர்வைப் புடவை நெய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? உடலுக்கு ஒரு நிறம், இரண்டு பக்கக் கரைக்கும் வேறு நிறம். அதனால் ஒரு நாடா போதாது, மூன்று நாடா ஓட வேண்டும். ஒருவரால் முடியாது என்பதால் வலப்பக்கக் கரைக்கு ஒரு துணை ஆள் உட்காருவார். நெய்பவர் உடல் நாடாவை எறிந்ததும், துணை ஆள் தன் கரை நாடாவை ஓட்ட வேண்டும். இரண்டு இழையும் கோத்துக்கொண்ட பிறகுதான் அடுத்த அடி. துணை ஆள் தாமதித்தால் தறியே நிற்கும்.

கிளவுடில் ஓடும் ஓர் அரசுச் செயலியும் இப்படித்தான். விண்ணப்பத்தை அது வாங்கிக்கொள்ளும். ஆனால் ஆதார் சரிபார்ப்பு, பணம் வாங்குதல், குறுஞ்செய்தி அனுப்புதல் எல்லாம் வெளியாட்களின் வேலை. கட்டணத்தை மட்டும் எடுத்துக்கொண்டால்கூட, செயலி கட்டண நுழைவாயிலைக் கேட்கிறது, அது யு.பி.ஐ-யை நடத்தும் தேசிய பணப் பரிவர்த்தனைக் கழகத்தை, அதாவது என்.பி.சி.ஐ-யைக் கேட்கிறது; அது வங்கியைக் கேட்கிறது. பதில் அதே வழியில் திரும்பி வர வேண்டும். ஒவ்வொருவரும் அடுத்தவருக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள். அந்த எல்லை முடிவதுதான் டைம்-அவுட்.

தறிக்கும் செயலிக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. தறியில் துணை ஆள் நாடாவை ஓட்டினாரா என்று சந்தேகம் வந்தால் துணியைப் பார்த்தால் தெரிந்துவிடும். பார்க்காமல் இன்னொரு முறை ஓட்டச் சொன்னால் கரையில் ஓர் இழை கூடிவிடும். எந்த நெசவாளரும் அப்படிச் செய்ய மாட்டார். செயலியோ பார்ப்பதில்லை. பதில் வரவில்லை என்றதும் "நடக்கவில்லை" என்று எழுதிவிடுகிறது.

பதில் வராததற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். நம் கோரிக்கை வெளிச் சேவையைப் போய்ச் சேரவே இல்லை. அல்லது சேர்ந்தது, அங்கே வேலை நடுவில் நின்றுவிட்டது. அல்லது வேலை முழுவதும் முடிந்தது, திரும்பி வரும் பதில் மட்டும் வழியில் தொலைந்தது. நம் பக்கத்திலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆகவே டைம்-அவுட் என்றால் "தோல்வி" என்று பொருள் கிடையாது. "தெரியவில்லை" என்றுதான் பொருள். வெற்றி, தோல்வி என்று இரண்டே கட்டங்கள் வைத்து எழுதப்பட்ட எந்த மென்பொருளும் இந்த இடத்தில் தவறும். "நிலுவையில்" என்ற மூன்றாவது கட்டம் தரவுத்தளத்தில் இருந்தே ஆக வேண்டும்.

எத்தனை விநாடி?

இந்த எண்ணை யாரும் உட்கார்ந்து முடிவு செய்வதில்லை என்பதுதான் வேடிக்கை. கருவியோடு வந்த எண்ணே அப்படியே இருந்துவிடும். பைத்தானில் பலரும் பயன்படுத்தும் ரிக்வெஸ்ட்ஸ் நூலகம் நாமாகச் சொல்லாவிட்டால் எல்லையே இல்லாமல் காத்திருக்கும். டாட்நெட்டின் எச்.டி.டி.பி கிளையன்ட் 100 விநாடி காத்திருக்கும். என்ஜின்எக்ஸ் வாயிலாகப் போனால் 60 விநாடி. அமேசானின் ஏபிஐ கேட்வே இயல்பாக 29 விநாடியில் கதவைச் சாத்திவிடும். அஷ்யூரின் ஆப் சர்வீஸில் எல்லை 230 விநாடி. ஒரே திட்டத்தில் இவற்றில் இரண்டு மூன்று இருந்தால், யார் முதலில் கைவிடுவார் என்பது தற்செயலாகிவிடுகிறது.

எடுத்துக்காட்டாக, வெளி வாயில் 29 விநாடியில் கைவிடுகிறது, உள்ளே இருக்கும் செயலி வங்கிப் பதிலுக்கு 60 விநாடி காத்திருக்கிறது என்று வையுங்கள். 40-ஆவது விநாடியில் வங்கி "பணம் வந்துவிட்டது" என்கிறது. செயலி அதை வாங்கிக்கொள்கிறது, ஆனால் சொல்வதற்கு எதிரே ஆள் இல்லை. மகள் 29-ஆவது விநாடியிலேயே பிழைச் செய்தியைப் பார்த்துவிட்டு மறுபடி அழுத்தியாயிற்று. ஆகவே விதி எளிது: உள்ளே இருப்பவர் முதலில் கைவிட வேண்டும், வெளியே இருப்பவர் கடைசியில். வங்கியைக் கேட்பவர் 15, அவரைக் கேட்பவர் 20, வாயில் 25 என்று படிப்படியாக வைத்தால், ஒவ்வொருவருக்கும் பதில் சொல்ல நேரம் மிஞ்சும்.

நீண்ட நேரம் காத்திருப்பது பத்திரம் என்று சிலர் நினைக்கிறார்கள். "கொஞ்சம் கூடவே வெச்சிடுங்க சார், பதில் வந்துடும்" என்பது கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் இணையதளத்துக்கு விநாடிக்கு 20 கோரிக்கைகள் வருகின்றன. வெளிச் சேவை 0.2 விநாடியில் பதில் சொல்கிறது. எந்த நேரத்திலும் 20 × 0.2, அதாவது 4 கோரிக்கைகள்தான் காத்திருப்பில் இருக்கும். ஒரு நாள் வெளிச் சேவை பேசாமல் போகிறது. நம் எல்லை 30 விநாடி. இப்போது காத்திருப்பவை 20 × 30, அதாவது 600. ஜாவா உலகில் பரவலாக உள்ள டாம்கேட் சர்வரில் ஒரே நேரத்தில் வேலை செய்யும் இழைகள் இயல்பாக 200-தான். பத்தே விநாடியில் 200-ம் நிரம்பிவிடும். அதன் பிறகு, பணமே கட்டத் தேவையில்லாமல் தன் விண்ணப்ப நிலையை மட்டும் பார்க்க வந்தவருக்கும் வட்டம்தான் சுற்றும். ஒரு வெளிச் சேவையின் நோய் முழு இணையதளத்தையும் படுக்கவைத்துவிட்டது. எல்லை 3 விநாடியாக இருந்திருந்தால் காத்திருப்பில் 60 பேர்தான். மற்றவர்களுக்குத் தளம் வேலை செய்திருக்கும்.

எல்லாவற்றுக்கும் 3 விநாடி வையுங்கள் என்று சொல்லவில்லை. இணைப்பு கிடைப்பதற்கு ஒரு நேரம், கிடைத்த பின் பதில் வருவதற்கு ஒரு நேரம் என்று இரண்டையும் பிரித்து வையுங்கள். இணைப்பு இரண்டு மூன்று விநாடியில் கிடைக்கவில்லை என்றால் பெரும்பாலும் கிடைக்கப் போவதில்லை. பதிலுக்கான நேரத்தை, அந்தச் சேவை நல்ல நாளில் நூற்றில் 99 முறை எவ்வளவுக்குள் பதில் சொல்கிறது என்று அளந்து, அதற்குச் சற்று மேலே வையுங்கள். அளக்காமல் வைக்கும் எந்த எண்ணும் ஊகம்தான்.

2025-ல் யு.பி.ஐ கற்றுக்கொடுத்தது

மறுமுயற்சியைப் பற்றிப் பேசுவதற்கு முன், நாடே பார்த்த ஒரு நிகழ்வு. 2025 மார்ச் 26 மாலை யு.பி.ஐ பல இடங்களில் நின்றுபோனது. பிறகு ஏப்ரல் 12, சனிக்கிழமை, மறுபடியும். டீக்கடையிலிருந்து புடவைக்கடை வரை காசு தேடிய நாள் அது. ஏப்ரல் 12 தடங்கலைப் பற்றி என்.பி.சி.ஐ ஆராய்ந்து சொன்ன காரணம், இந்தப் பாடத்தை எழுதுபவருக்கு வரப்பிரசாதம். சில வங்கிகளின் தரப்பிலிருந்து "அந்தப் பரிவர்த்தனை என்ன ஆயிற்று?" என்று நிலையை விசாரிக்கும் கோரிக்கைகள் வெள்ளமாக வந்திருந்தன. பழைய பரிவர்த்தனைகளைப் பற்றியும் திரும்பத் திரும்பக் கேட்டிருந்தார்கள்.

கவனியுங்கள்: பணம் அனுப்பும் கோரிக்கைகளின் கூட்டத்தைக் காரணமாகச் சொல்லவில்லை. "ஆச்சா, ஆச்சா" என்று கேட்ட கூட்டத்தைத்தான் சொன்னார்கள். பிரம்மோற்சவ நாளில் வரதராஜப் பெருமாள் கோயில் வாசலில் நின்றுகொண்டு, வரிசையில் இருக்கும் ஒவ்வொருவரும் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை முன்னால் போய் "எப்ப விடுவீங்க?" என்று கேட்டால் வரிசை நகருமா?

அதன் பிறகு இரண்டு மாற்றங்கள் வந்தன. காத்திருக்கும் எல்லைகள் சுருக்கப்பட்டன: 2025 ஜூன் 16 முதல் பணம் செலுத்தும் கோரிக்கைக்கு 30 விநாடியிலிருந்து 15, நிலை விசாரிப்புக்கும் பணம் திருப்புவதற்கும் 30-லிருந்து 10, பெறுபவரின் முகவரியைச் சரிபார்க்க 15-லிருந்து 10. கூடவே, நிலையை எப்போது விசாரிக்கலாம் என்பதற்கும் வரம்பு வந்தது: எடுத்த எடுப்பில் கேட்கக் கூடாது, இடைவெளி விட வேண்டும், ஒரு பரிவர்த்தனைக்கு மூன்று முறைக்கு மேல் வேண்டாம். இவ்வளவு பெரிய அமைப்பே கேள்வி கேட்பதை ரேஷன் போட்டுத்தான் சமாளிக்க வேண்டியிருக்கிறது என்றால், நம் துறை இணையதளத்துக்கு வேறு வழி இருக்குமா?

திரும்பக் கேட்பது எப்படி

வெளிச் சேவையிடம் நாம் கேட்பவை இரண்டு வகை. ஒன்று, பார்த்துச் சொல்லச் சொல்வது: இந்தக் குடும்ப அட்டையில் எத்தனை பேர், இந்தப் பட்டா யார் பெயரில். இதைப் பத்து முறை கேட்டாலும் உலகம் மாறாது. மற்றது, செய்யச் சொல்வது: பணம் எடு, விண்ணப்பம் பதி, ஓ.டி.பி அனுப்பு. இதை இரண்டு முறை கேட்டால் இரண்டு முறை நடக்கும். ஓ.டி.பி-யைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அவசரத்தில் மூன்று முறை அழுத்தி, மூன்று குறுஞ்செய்தி வந்து, எதைப் போடுவது என்று தெரியாமல் முழிக்காதவர் யார்?

இரண்டாம் வகையில் மறுமுயற்சி செய்ய வேண்டுமென்றால் ஒரே நிபந்தனை: எண் மாறக் கூடாது. மகள் முதல் முறை அழுத்தும்போதே, வங்கியைக் கேட்பதற்கு முன்பே, இந்தக் கட்டணத்துக்கு ஒரு தனி எண்ணை உருவாக்கித் தரவுத்தளத்தில் எழுதிவிட வேண்டும். அதன் பின் எத்தனை முறை கேட்டாலும் அதே எண்ணோடுதான் கேட்க வேண்டும். எதிரே இருப்பவர் "இந்த எண் ஏற்கெனவே வந்துவிட்டதே" என்று பார்த்து, புதிதாகப் பணம் எடுக்காமல் பழைய பதிலையே திருப்பித் தருவார். நெசவாளர் துணியைப் பார்ப்பதற்கு இணையான வேலை இதுதான். பல தளங்களில் நடக்கும் தவறு, "மீண்டும் முயலவும்" பொத்தானை அழுத்தியதும் புது எண் பிறப்பதுதான். இரட்டைக் கட்டணத்துக்கு வேர் பெரும்பாலும் அந்தப் பொத்தானிலேயே இருக்கிறது.

வெளிச் சேவை இப்படிப் பழைய எண்ணை அடையாளம் காணும் வசதி தரவில்லையென்றால், மறுமுயற்சியே வேண்டாம். முதலில் நிலையை விசாரியுங்கள். "அப்படி ஒன்று வரவே இல்லை" என்று தெளிவாகச் சொன்னால் மட்டும் புதிதாகத் தொடங்குங்கள்.

இடைவெளியும் முக்கியம். முதல் மறுமுயற்சிக்கு முன் 2 விநாடி, அடுத்ததற்கு 4, பிறகு 8 என்று இரட்டித்துக்கொண்டே போக வேண்டும். எல்லா வாடிக்கையாளரும் ஒரே விநாடியில் மறுபடி மோதாமல் இருக்க, அந்த எண்களோடு கொஞ்சம் முன்பின்னாக ஒரு சீட்டுக் குலுக்கல் கலக்க வேண்டும். அதோடு, மறுமுயற்சியை ஒரே ஓர் அடுக்கில் மட்டும் வையுங்கள். மூன்று அடுக்கு இருந்து, ஒவ்வொன்றும் மூன்று முறை முயன்றால், மகளின் ஒரு அழுத்தல் வங்கியிடம் 3 × 3 × 3, அதாவது 27 கோரிக்கைகளாகப் போய் நிற்கும். ஏற்கெனவே மூச்சு வாங்கும் சேவைக்கு அதுதான் கடைசி அடி.

தொடர்ந்து பல கோரிக்கைகள் டைம்-அவுட் ஆனால் கேட்பதையே சற்று நேரம் நிறுத்திவிடும் ஏற்பாடும் உண்டு. வீட்டு மின்பெட்டியில் டிரிப் ஆவது போலத்தான், பெயரும் அதுவே: சர்க்யூட் பிரேக்கர். அரை நிமிடம் கழித்து ஒரே ஒரு கோரிக்கையை அனுப்பிப் பார்க்கும். பதில் வந்தால் மறுபடி திறந்துவிடும்.

திரையில் என்ன எழுதுவது

இதுவரை சொன்னதெல்லாம் சரியாகச் செய்த ஒரு தளம்கூட, "ஏதோ தவறு நேர்ந்துவிட்டது" என்ற ஒரு வரியால் அத்தனையையும் பாழாக்கிவிடும். என்னைக் கேட்டால், இந்த வரியை அரசு இணையதளங்களில் தடை செய்துவிடலாம். யாருக்கு என்ன தவறு, இப்போது நான் என்ன செய்ய வேண்டும், எதுவுமே அதில் இல்லை. அது மக்களை மறுபடி அழுத்தத்தான் தூண்டும்.

அந்த மகளுக்கு வர வேண்டிய செய்தி இப்படி இருக்கலாம்: "உங்கள் விண்ணப்பம் சேமிக்கப்பட்டது. கட்டணம் வங்கியில் இன்னும் உறுதியாகவில்லை. மீண்டும் பணம் செலுத்த வேண்டாம். உறுதியானதும் குறுஞ்செய்தி வரும். உங்கள் குறிப்பு எண் இது." பிறகு அந்தப் பக்கத்தில் கட்டணப் பொத்தான் இருக்கவே கூடாது. வாக்குறுதி கொடுத்தால் காப்பாற்றவும் வேண்டும்: நிலுவையில் உள்ளவற்றை இடைவெளி விட்டு விசாரிக்கும் ஒரு வேலை பின்னணியில் ஓட வேண்டும், கட்டண நுழைவாயில் தினமும் அனுப்பும் தீர்வுக் கணக்கோடு நம் பட்டியலை ஒப்பிட்டு, மிச்சம் இருப்பதை ஓர் ஆள் பார்க்க வேண்டும். இந்தக் கடைசி வேலைக்குப் பெயர் போட்டு ஆள் வைக்காத திட்டங்களில்தான் மக்கள் பணம் மாதக்கணக்கில் அந்தரத்தில் நிற்கிறது.

இதில் மென்பொருள் எழுதுபவர் முடிவு செய்ய முடியாத ஒரு கேள்வி இருக்கிறது. கடைசி நாள் இரவு 11.50-க்கு மகள் விண்ணப்பித்தாள். பணம் உறுதியானது மறுநாள் காலையில். விண்ணப்பித்த தேதி எது? சேமித்த நேரம்தான் கணக்கு என்று துறை எழுத்தில் ஆணையிட்டால் அவள் தப்பினாள். ஆணை இல்லாவிட்டால் நிரலாளர் வசதிப்படி பணம் உறுதியான நேரமே பதிவாகும், அவள் தகுதி இழப்பாள். இதை அலுவலர்கள் ஒப்பந்தம் போடும்போதே எழுதிவிடுங்கள். சோதனையையும் சேர்த்து எழுதுங்கள்: எதிரே பதிலே சொல்லாத ஒரு போலிச் சேவையை வைத்து, அப்போது திரையில் என்ன வருகிறது என்று உங்கள் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள். "வேகமாக இயங்க வேண்டும்" என்ற ஒரு வரியால் ஒன்றும் நடக்காது.

கவுண்டரில் இருப்பவருக்கும், வீட்டில் இருப்பவருக்கும்

இ-சேவை மைய ஆபரேட்டர்களே, வட்டம் சுற்றி நின்றுவிட்டால் முதலில் பரிவர்த்தனை வரலாற்றைத் திறந்து பாருங்கள். "அக்கா, ரெண்டு நிமிஷம் உட்காருங்க, போச்சான்னு பார்த்துச் சொல்றேன்" என்று சொல்லுங்கள். மறுபடி அழுத்துவது அதற்குப் பிறகுதான், அதுவும் முந்தையது தோல்வி என்று எழுத்தில் தெரிந்த பிறகு.

வீட்டிலிருந்து கட்டுபவர்கள், யு.பி.ஐ செயலியின் வரலாற்றில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து 12 இலக்க யு.டி.ஆர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். படம் பிடித்தும் வைத்துக்கொள்ளலாம். "நிலுவையில்" என்று இருந்தால் காத்திருங்கள். கணக்கில் பணம் கழிந்து, கட்டணம் வாங்கும் தரப்புக்கு உறுதி போய்ச் சேரவில்லையென்றால், ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20-ல் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, பரிவர்த்தனை நாளுக்குப் பின் ஐந்து நாட்களுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். நீங்கள் புகார் கொடுத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. ஐந்து நாள் தாண்டினால் தாண்டிய ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்கு யு.பி.ஐ-யில் அனுப்பும்போது இப்படி ஆனால் அவகாசம் ஒரே நாள்தான்.

அந்தக் காலக்கெடு கடந்தும் பணம் திரும்பவில்லையென்றால், யு.டி.ஆர் எண், விண்ணப்பக் குறிப்பு எண், வங்கிக் குறுஞ்செய்தியின் தேதி இந்த மூன்றோடும் முதலில் உங்கள் வங்கியிடம் போங்கள். பணம் சேர்ந்திருந்தும் விண்ணப்பம் பதிவாகவில்லையென்றால், அதே மூன்று விவரங்களோடு விண்ணப்பித்த துறையிடம்.